ஈரமும் உறைபனியும்: கிடேரிகளின் இரண்டு குளிர்காலங்கள்

அக்டோபர் கடைசி வாரம். அயர்லாந்தின் வடமேற்கில், லீட்ரிம் கவுண்டியில் ஒரு மேய்ச்சல் நிலம். புல் இன்னும் பச்சையாகத்தான் நிற்கிறது. ஆனால் இறைச்சி இனக் கிடேரிகளைக் கொட்டகைக்குள் ஓட்டுகிறார்கள். மார்ச் கடைசிவரை அவை வெளியே வரப்போவதில்லை.

அதே வாரம் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், லாக்கோம் நகரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் இரவுக் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இன்னும் சில வாரங்களில் நிலம் வெண்பனியில் மூடிவிடும். ஜனவரியில் மைனஸ் 30-ஐத் தொடும் இரவுகள் அங்கே புதிதல்ல. ஆனால் அங்குள்ள கிடேரிகளுக்குக் கூரை கிடையாது. குளிர்காலம் முழுவதும் வெட்டவெளிதான்.

குளிர் அதிகமான ஊரில்தானே கொட்டகை வேண்டும்? பனிக்காலமே நான்கைந்து டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத அயர்லாந்தில் எதற்குக் கூரை? இந்தக் கேள்விக்கு விடை கண்டால், இரு நாட்டுப் பண்ணையாளர்களும் இலையுதிர்காலத்தில் செய்யும் மற்ற வேலைகளுக்கும் காரணம் புரிந்துவிடும். என்ன தீவனம், எவ்வளவு எடை, எந்தப் புழுவுக்கு எப்போது மருந்து என்பவை எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் பிரிகின்றன.

நனைந்த தோலும் உலர்ந்த தோலும்

மாட்டுக்கு எந்த வெப்பநிலையில் குளிரத் தொடங்கும் என்பதற்குக் கால்நடை அறிவியலில் ஒரு கணக்கு உண்டு. அந்த வரம்புக்குக் கீழே போனால், உடல் சூட்டைக் காப்பாற்றவே மாடு கூடுதலாகத் தின்றாக வேண்டும். அடர்ந்த குளிர்கால மயிர் வளர்ந்து, தோலும் உலர்ந்திருந்தால் அந்த வரம்பு மைனஸ் 8 டிகிரி வாக்கில் இருக்கும். மயிர் நனைந்துவிட்டாலோ அது 15 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. மழையில் நனைந்த மயிர் தட்டையாகப் படிந்து, உள்ளே காற்றைப் பிடித்துவைக்கும் சக்தியை இழப்பதே காரணம்.

இப்போது இரண்டு கிடேரிகளையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். லீட்ரிமில் 5 டிகிரியில் நனைந்து நிற்கும் கிடேரி, தன் வரம்புக்கு 10 டிகிரி கீழே இருக்கிறது. காற்று மறைப்பில் உலர்ந்து நிற்கும் ஆல்பர்ட்டா கிடேரி அதே அளவு குளிரை உணர வேண்டுமானால் வெப்பநிலை மைனஸ் 18-க்கு இறங்க வேண்டும். வரம்புக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் எரிசக்தித் தேவை ஏறக்குறைய 2 சதவீதம் கூடும் என்பது பொதுவான கணிப்பு. அப்படியானால் இருவருக்குமே ஐந்தில் ஒரு பங்கு தீவனம் கூடுதலாக வேண்டும். ஒருத்திக்கு அது மழையின் விலை, இன்னொருத்திக்குக் குளிரின் விலை.

இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி மாட்டின் காலுக்குக் கீழே இருக்கிறது. அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஆண்டு மழை 1000 முதல் 1400 மில்லிமீட்டர். லீட்ரிம் மண்ணோ தண்ணீரை இறங்கவிடாத களிமண். அக்டோபரில் 300 கிலோ மாடு அதன்மேல் நடந்தால் ஒவ்வொரு குளம்படியும் ஒரு குழியாகும். புல்வேர் சேற்றில் புதையும். அடுத்த வசந்தத்தில் அந்த நிலம் புல் தராது. மத்திய ஆல்பர்ட்டாவில் ஆண்டு மழையும் பனியும் சேர்ந்தே 400 முதல் 500 மில்லிமீட்டர்தான். நவம்பருக்குள் மண் கல்லாக உறைந்துவிடுகிறது. எத்தனை மாடு நடந்தாலும் அதற்குக் காயமில்லை.

ஆகவே அயர்லாந்துக் கொட்டகையை மாட்டுக்குக் கட்டிய வீடு என்று மட்டும் பார்க்க முடியாது. பாதிக்கு மேல் அது நிலத்துக்குப் பிடித்த குடை.

இடைவெளி விட்ட சுவர்கள்

கூரை கிடைத்துவிட்டால் புதிதாக ஒரு தொல்லையும் கூடவே வருகிறது. ஐரிஷ் கொட்டகையின் தரை, இடைவெளி விட்டுப் பதித்த கான்கிரீட் சட்டங்களால் ஆனது. சாணமும் மூத்திரமும் அந்த இடைவெளி வழியே கீழேயுள்ள தொட்டிக்குப் போய்விடும். வளர்ந்த கிடேரிக்கு இரண்டு முதல் இரண்டரை சதுர மீட்டர் இடம். அவ்வளவு நெருக்கத்தில் அடைபட்ட மாடுகளின் மூச்சும் வியர்வையும் நீராவியாக மேலே போகின்றன. அது வெளியேறாவிட்டால் கூரையில் பட்டு மறுபடி அவற்றின் முதுகிலேயே சொட்டும். நுரையீரல் நோய் பரவ அதைவிட வசதியான இடம் இல்லை. அதனால் கொட்டகையின் மேல்பாதிச் சுவரை விரற்கடை இடைவெளி விட்ட பலகைகளால் அடைப்பார்கள். கூரை முகட்டையும் திறந்து வைப்பார்கள். மாடுகளின் சூடே காற்றை மேலே தள்ளி முகடு வழியே வெளியேற்றும். காற்றோட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் புகை போட்டுப் பார்ப்பது வழக்கம்.

ஆல்பர்ட்டாவிலும் பலகைச் சுவர் உண்டு. கூரை இல்லாமல், வெட்டவெளியில் தனியாக நிற்கும் காற்றுத் தடுப்பு அது. அதிலும் இடைவெளி விடுகிறார்கள், பரப்பில் ஏறக்குறைய 20 சதவீதம். முழுச் சுவராக அடைத்தால் காற்று அதன் தலைக்கு மேலே ஏறி, மறுபுறம் சுழலாக விழுந்து, பனியையும் மாட்டின் மேலேயே கொட்டும். இடைவெளி விட்ட தடுப்போ காற்றைச் சல்லடையில் சலித்ததுபோல் வேகம் குறைத்து அனுப்புகிறது. தடுப்பின் உயரத்தைப்போல் எட்டுப் பத்து மடங்கு தூரத்துக்கு அதன் காப்பு நீளும். தடுப்புக்குப் பின்னால் கெட்டியாக வைக்கோல் பரப்பிவிட்டால், உலர்ந்த படுக்கையில் கிடேரி மடங்கிப் படுத்து அசைபோடும்.

பலகைக்கு நடுவே இடைவெளி விடும் தச்சு வேலை இரண்டு ஊரிலும் ஒன்றேதான். அயர்லாந்தில் அது காற்றை உள்ளே வரவழைக்க, ஆல்பர்ட்டாவில் வந்த காற்றை அடக்க. கொட்டகையின் படத்தை மட்டும் பார்த்து நகலெடுப்பவர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சுவரில் இப்படிப் பிரிந்தாலும், கன்றைப் பால் மறக்கடிப்பதில் மட்டும் இரு தரப்பும் ஒரே பாடத்தைப் படித்திருக்கிறார்கள். தாயைப் பிரிவது, இடம் மாறுவது, தீவனம் மாறுவது ஆகிய மூன்றும் ஒரே நாளில் விழுந்தால் கன்று நோயில் விழும். அதனால் அயர்லாந்தில் சில வாரங்கள் முன்பே வயலில் நாளுக்கு ஒரு கிலோ அடர் தீவனம் தின்னப் பழக்கிவிட்டு, தாய்களைச் சிறிது சிறிதாகப் பிரித்து, பிறகே கொட்டகைக்கு ஓட்டச் சொல்கிறார்கள். ஆல்பர்ட்டாவில் வேலிக்கு இப்புறம் தாய், அப்புறம் கன்று. முகர்ந்துகொள்ளலாம், குடிக்க முடியாது. சில நாளில் கத்தல் அடங்கிவிடும்.

தொட்டியைத் தேடி வரும் புல், புல்லைத் தேடிப் போகும் மாடு

ஐரிஷ் குளிர்காலத்தின் உணவு சைலேஜ் எனும் ஊறுகாய்ப் புல். மே, ஜூனில் அறுத்து, காற்றுப் புகாமல் மூடி, புளிக்க வைத்த புல். பால் மறந்த கிடேரி ஒன்றுக்கு மாதம் 0.7 டன் வேண்டும் என்பது பண்ணைக் கணக்கு. ஐந்து மாதத்துக்கு மூன்றரை டன். ஆனால் அளவைவிடத் தரம்தான் அங்கே பேச்சு. உலர்பொருளில் எத்தனை சதவீதம் செரிக்கும் என்பதே அந்தத் தரத்தின் அளவுகோல். 70-க்கு மேல் இருந்தால் நல்ல புல். நாளுக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ அடர் தீவனத்தோடு கிடேரி வளரும். கதிர் தள்ளும்வரை அறுக்காமல் விட்டால் அது 65-க்குக் கீழே இறங்கும். அந்தக் குறையைத் தீவன மூட்டைதான் ஈடுகட்ட வேண்டும். அறுப்பு நாளை மழை தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் குளிர்காலச் செலவில் ஏறுகிறது.

ஆல்பர்ட்டாக்காரர் வேறு வழியில் யோசித்தார். குளிர்காலத் தீவனக் காலம் அங்கே ஏறக்குறைய 200 நாள். அறுத்து, கட்டி, ஏற்றி, சேமித்து, மறுபடி ஏற்றி, போட்டு, பிறகு சாணத்தை அள்ளி வயலுக்குக் கொண்டுபோவது என்று ஒவ்வொரு படியிலும் டீசல் எரிகிறது. புல்லை மாட்டிடம் கொண்டுவருவதற்குப் பதில் மாட்டைப் புல்லிடம் அனுப்பினால் என்ன? லாக்கோமில் கனடா அரசின் வேளாண் ஆய்வு நிலையம் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது இதைத்தான். பார்லி, ஓட்ஸ் அல்லது டிரிட்டிகேலைத் தாமதமாக விதைத்து, செப்டம்பரில் மணி மாவுப் பருவத்தில் இருக்கும்போதே அறுத்து, வரிசை வரிசையாக வயலிலேயே விட்டுவிடுகிறார்கள். அதன்மேல் பனி பெய்யும். மாடு மூக்கால் பனியை விலக்கித் தின்னும். மின்வேலியை நகர்த்தி, சில நாளுக்குத் தேவையானதை மட்டும் திறந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் கதிரை மட்டும் பொறுக்கித் தின்று வயிற்றில் அமிலம் ஏறிவிடும். சுத்தமான பனியையே நக்கித் தாகம் தீர்த்துக்கொள்ளவும் மாடு பழகிவிடுகிறது.

இதிலும் வயது பார்க்க வேண்டும். சினைப்பட்ட, ஒன்றரை வயதுக் கிடேரி இந்த வரிசைகளில் மேயும். ஆனால் மூத்த பசுக்களோடு சேர்த்துவிட்டால் அவை அதை முட்டித் தள்ளிவிடும். தனி மந்தை வேண்டும். பால் மறந்த கன்றுக்கோ பனியைக் கிளறித் தின்பது மட்டும் வளர்ச்சிக்குப் போதாது. அதைக் காற்றுத் தடுப்புள்ள பட்டியில் வைத்து, வைக்கோல் படுக்கை போட்டு, உலர்புல்லும் தானியமும் தருகிறார்கள். உறைபனி பட்ட பயிரில் நைட்ரேட் ஏறியிருக்கலாம் என்பதால் மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே மாட்டை விடுவார்கள்.

சாணத்தின் கணக்கும் இங்கே பிரிகிறது. அயர்லாந்தில் குளிர்காலத்தில் சாணக் குழம்பை நிலத்தில் தெளிக்கச் சட்டம் அனுமதிக்காது; மழை அதை ஆற்றுக்கு அடித்துப்போகும். அதனால் ஒவ்வொரு பண்ணையும் குறிப்பிட்ட வாரங்களுக்குத் தேவையான தொட்டி வைத்திருக்க வேண்டும். தென்கிழக்கில் 16 வாரம், லீட்ரிமிலும் டொனெகாலிலும் 20, கேவனிலும் மோனஹனிலும் 22. ஊரின் ஈரத்தை அளக்க மழைமானியே வேண்டாம், தொட்டியின் ஆழம் போதும். ஆல்பர்ட்டாவின் பக்கத்து மாகாணமான சஸ்காட்செவனில், லானிகன் ஆய்வு மையம் கண்டது இதற்கு நேர் எதிர். மாட்டை வயலிலேயே வைத்துத் தீவனம் போட்டால், பட்டியிலிருந்து சாணத்தை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டுவதைவிட அதிக நைட்ரஜன் அந்த மண்ணில் தங்குகிறது.

இரண்டு ஏற்பாடும் சறுக்கிய ஆண்டுகள் உண்டு. 2012 கோடை மழையில் ஐரிஷ் புல் அறுப்பு கெட்டது. 2013 வசந்தம் குளிரோடு தாமதித்தது. கொட்டகைக் கதவைத் திறக்க முடியாமல், தீவனமும் தீர்ந்து, வெளிநாட்டிலிருந்து உலர்புல் கப்பலில் வந்தது. 2002-இல் கனடியப் புல்வெளி வறட்சியில் காய்ந்தபோது கிழக்குக் கனடாவின் விவசாயிகள் மேற்குக்குப் புல்கட்டுகளை அனுப்பினார்கள். மழை மிகுந்தும் மழை பொய்த்தும் வந்துசேர்ந்த இடம் ஒன்றே.

தராசின் முன்னே

தாய்ப் பசுவாக நிறுத்தப்போகும் கிடேரிக்கு இரு நாட்டிலும் இலக்கு ஒன்றுதான்: 24 மாதத்தில் தலையீற்று. அதற்கு 15 மாதத்தில் சினைப்பட வேண்டும். சினைக்கு விடும்போது, வளர்ந்த பசுவின் எடையில் குறிப்பிட்ட பங்கை எட்டியிருக்க வேண்டும். அயர்லாந்தில் 60 சதவீதம் அல்லது சற்று மேல் என்கிறார்கள். வட அமெரிக்க ஆய்வுகளில் 55 சதவீதத்திலும் சினைப்பிடிப்பு கெடவில்லை என்ற முடிவு வந்திருக்கிறது. அந்த ஐந்து சதவீதத்துக்கான தீவனம் மிச்சம்.

லீட்ரிம் கணக்கை ஓட்டிப் பார்ப்போம். அக்டோபர் கடைசியில் கிடேரி 280 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொட்டகையில் 140 நாள், நாளுக்கு 600 கிராம். 84 கிலோ சேர்ந்து 364. மார்ச்சில் புல்லுக்கு விட்டதும் நாளுக்கு ஒரு கிலோ ஏறும். மே நடுவில் 410-ஐத் தொடும். 670 கிலோ தாய்க்கு அது 61 சதவீதம். குளிர்காலத்தில் 600 கிராமுக்கு மேல் ஏற்றுவது வீண் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அளவோடு வளர்ந்த மாடு வசந்தப் புல்லில் ஈடுசெய்து வேகமாக வளரும். கொட்டகையில் கொழுத்தது அந்தப் பாய்ச்சலை இழந்துவிடும். மலிவான வசந்தப் புல்லுக்கு வேலையை மிச்சம் வைப்பதே சிக்கனம்.

ஆல்பர்ட்டாக் கிடேரி நவம்பரில் 240 கிலோ வாக்கில் பட்டிக்கு வருகிறது. 200 நாள், அதே 600 கிராம்; 360. ஜூன் புல்லில் இன்னொரு 25 கிலோ. ஜூலையில் காளை சேரும்போது 385. நாள் கூடுதல், வசந்தம் சுருக்கம். அதனால் எடையில் பெரும்பங்கைப் பட்டியிலேயே சம்பாதித்தாக வேண்டும். கடுங்குளிர் வாரங்களில் தானியத்தையும் உலர்புல்லையும் கூட்டாவிட்டால் அந்த 600 கிராம் சத்தமில்லாமல் 300 ஆகிவிடும். மாதம் ஒருமுறை தராசில் ஏற்றாதவருக்கு அது மே மாதத்தில்தான் தெரியும்.

எந்தப் புழுவுக்கு எந்த நாள்

ஈரத்துக்கும் உறைவுக்கும் உள்ள வித்தியாசம் மிகக் கூர்மையாகத் தெரிவது ஒட்டுண்ணியில்தான்.

லீட்ரிமின் முதல் எதிரி கல்லீரல் தட்டைப்புழு. கோரை முளைத்த சதுப்பு ஓரங்களில் வாழும் ஒரு சிறு நத்தைதான் அதற்கு இடைத்தங்கல் வீடு. கோடை ஈரத்தில் நத்தைக்குள் பெருகி, இலையுதிர்காலத்தில் புல்லில் ஒட்டி, மாட்டின் வயிற்றுக்குப் போகிறது. ஆறு முதல் எட்டு வாரம் ஈரலைத் துளைத்துத் திரிந்து, பிறகு பித்தநாளத்தில் குடியேறி, 10 முதல் 12 வாரத்தில் முட்டையிடும். கொட்டகைக்கு ஓட்டும் நாளில் சாணத்தைச் சோதித்தால் அண்மையில் புகுந்தது எதுவும் தெரியாது. முட்டையிடும் வயது இன்னும் வரவில்லை. டிரைகிளாபெண்டசோல் என்ற மருந்து இரண்டு வார வயதுக் குஞ்சுப் புழுவையும் கொல்லும். அதை உள்ளே ஓட்டிய இரண்டு வாரத்திலேயே கொடுத்துவிடலாம். குளோசண்டல், நைட்ராக்ஸினில் போன்றவை ஏழெட்டு வாரப் புழுவைத்தான் கொல்லும். அவற்றை வைத்திருப்பவர் ஓட்டிய பிறகு அத்தனை வாரம் காத்திருக்க வேண்டும். ஆக்ஸிகுளோசனைடுக்கு இன்னும் பொறுமை வேண்டும், வளர்ந்த புழுதான் அதற்கு மசியும். மருந்து சரி, நாள் தவறு என்றால் காசு போச்சு, புழு இருக்கும்.

கொட்டகை இங்கே ஒரு பெரிய வசதி செய்துதருகிறது. உள்ளே வந்த நாளிலிருந்து புதிய புழு புகாது. ஒரே தடவை சரியான நேரத்தில் கொடுத்தால் குளிர்காலம் முழுதும் ஈரல் சுத்தம். பயன் கிடைத்ததா என்பதற்குச் சாட்சி வெட்டுக்கூடத்தில் கிடைக்கிறது. அனிமல் ஹெல்த் அயர்லாந்து அமைப்பின் திட்டத்தில், அறுத்த மாட்டின் ஈரலையும் நுரையீரலையும் பார்த்து எழுதிய அறிக்கை பண்ணைக்கே வந்துசேரும்.

ஆல்பர்ட்டாவின் வறண்ட, உறையும் மண்ணில் அந்தத் தட்டைப்புழுவுக்கு வாழ்வில்லை. அதற்கான மருந்தை அங்கே தேடுபவர் அரிது.

வயிற்றுப்புழு இரு ஊருக்கும் பொது. ஆஸ்டர்டாகியா என்ற புழுவின் குஞ்சுகள் இலையுதிர்காலத்தில் இரைப்பைச் சுவருக்குள் புகுந்து, வளராமல் உறங்கிவிடும். குளிர்காலம் முடியும் தறுவாயில் அவ்வளவும் ஒன்றாக விழித்து வெளிவரும். சுவர் கிழிந்து, கழிச்சல் கண்டு, நன்றாக இருந்த கிடேரி ஒரு வாரத்தில் எலும்பாகிவிடும். லெவமிசோல் உறங்கும் புழுவைத் தொடாது. ஐவர்மெக்டின் குடும்பம் தொடும். கனடாவில் பனிக்கு அடியிலும் புல்வெளியில் குஞ்சுகளில் ஒரு பங்கு பிழைத்திருந்து மறு வசந்தத்தைப் பார்க்கும். உறைபனி அவ்வளவையும் அழித்துவிடும் என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

நுரையீரல் புழு ஈரத்தின் பிள்ளை. ஐரிஷ் கிடேரி இருமினால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். கொட்டகைக்கு முன்பே மருந்து கொடுத்து நுரையீரலைத் தெளிய விடச் சொல்வதும் அதனாலேயே. உள்ளே போன பிறகு கேட்கும் இருமல் புழுவா, கிருமியா என்று பிரிப்பது கடினம்.

பேன் இரு ஊருக்கும் குளிர்கால விருந்தாளி. மயிர் நீள, வெயில் குறைய, நெருக்கம் கூட அது பெருகும். லீட்ரிமில் முதுகு மயிரைக் கத்தரித்து வியர்வையைக் குறைப்பார்கள். ஆல்பர்ட்டாவில் அப்படிக் கத்தரித்தால் மாட்டின் கம்பளத்தையே பிடுங்கியதாகும். முதுகில் ஊற்றும் மருந்தை இலையுதிர்காலக் கடைசியில், ஒரு மாடும் விடாமல் கொடுப்பதே வழி. ஒருகாலத்தில் அங்கே அந்த நாளைத் தீர்மானித்தது வார்பிள் ஈ. அதன் புழு குளிர்காலத்தில் மாட்டின் உணவுக்குழாயிலோ முதுகெலும்புக் குழலிலோ தங்கும். அங்கே இருக்கும்போது கொன்றால் வீங்கி, வயிறு உப்பும் அல்லது பின்னங்கால் முடங்கும். அதற்கு முன்பே, அக்டோபருக்குள் முடித்தாக வேண்டும். அயர்லாந்து அந்த ஈயைக் கட்டாயத் திட்டத்தால் ஒழித்துவிட்டது. ஆல்பர்ட்டாவிலும் அது இன்று அரிது.

ஐவர்மெக்டினுக்கும் அயர்லாந்து மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைக் கண்டறிந்ததற்காக 2015-இல் ஜப்பானின் சதோஷி ஓமுராவோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் கேம்பெல், லீட்ரிமை ஒட்டிய டொனெகாலில் ராமெல்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 1981-இல் கால்நடைச் சந்தைக்கு வந்த அந்த மருந்து ஆல்பர்ட்டாவில் வார்பிளையும் பேனையும் வயிற்றுப்புழுவையும் ஒரே ஊற்றில் விரட்டியது. ஆனால் கேம்பெல் வளர்ந்த ஊரின் ஈர வயல்களிலுள்ள தட்டைப்புழுவை அது தனியாக ஒன்றும் செய்யாது. கண்மூடித்தனமான உபயோகத்துக்கு விலையும் உண்டு. இரு நாட்டிலும் அதற்கு மசியாத வயிற்றுப்புழுக்கள் வந்துவிட்டன. ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் ஆய்வு நிலையம், மருந்து கலந்த சாணத்தில் சாணவண்டுகள் பல வாரம் பெருக முடியாமல் போவதைக் காட்டியது.

ஏப்ரலில் இடம் மாறும் ஊர்கள்

இரண்டில் எது மேல் என்று கேட்டால் இரண்டுக்கும் அர்த்தம் போய்விடும். லாக்கோம் முறையைக் கேட்டுவந்து லீட்ரிமில் மாட்டை வெளியே விட்டால் ஒரே மாதத்தில் வயல் உழுததுபோல் ஆகும். லீட்ரிம் கொட்டகையை லாக்கோமில் கட்டினால், மூச்சின் ஈரம் கூரையில் பனிக்கட்டியாகத் தொங்கி, உலர்ந்திருந்த மாட்டை நனைக்கும். மைனஸ் 30-இல் நனைந்த மாட்டுக்குப் பிழைப்பில்லை.

ஆனாலும் ஆண்டில் சில வாரங்கள் இவ்விரு ஊர்களும் இடம் மாறிக்கொள்கின்றன. மார்ச் கடைசியில் லீட்ரிமில் மண் காய்ந்து, கதவு திறந்து, கிடேரிகள் காலை உதறி வயலில் பாய்கின்றன. அதே நாட்களில் ஆல்பர்ட்டாவில் பனி உருகத் தொடங்கும். மேல்மண் இளகியிருக்கும், கீழ்மண் இன்னும் உறைந்திருக்கும். தண்ணீர் இறங்க வழியில்லை. பட்டி முழங்கால் சேறாகும். மைனஸ் 30-ஐ உலர்ந்த தோலோடு தாண்டிவந்த கிடேரிகள், பூஜ்ஜியத்துக்கு மேல் இரண்டு டிகிரியில் நனைந்து நடுங்கும். குளிர்காலம் முழுக்கச் சிக்கனமாகச் செலவிட்டு மிச்சம் வைத்த வைக்கோல் கட்டுகளை ஆல்பர்ட்டாக்காரர் அப்போதுதான் தாராளமாகப் பிரித்துப் பரப்புகிறார். அந்த ஈரத்தில்தான், சென்ற கோடையில் சினைப்பட்ட அக்கா கிடேரிகள் தலையீற்றுக்குப் படுக்கின்றன.